மணி அடித்தால் நிற்பவர்கள்

ஏழு நாடுகளை உண்டாக்கிய அனுபவம் எனக்கு உண்டு. எல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டுக்குள்தான். ஆனாலும் ஒரு நாட்டை உண்டாக்குவது எவ்வளவு சுலபம், அதில் வாழ மனிதர்களை உண்டாக்குவது எவ்வளவு வம்பு என்பதை நான் அந்த நோட்டில்தான் கற்றுக்கொண்டேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி அறையில் நாங்கள் மூன்று பெண்கள் வாடகைக்கு இருந்தோம். நான் பெண்கள் பள்ளியில் சரித்திர டீச்சர். இரண்டாமவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ், வரதராஜன்பேட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். எனக்கு ஒத்த வயது. மூன்றாமவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர், அரியலூர் டவுன்காரி, எங்களைவிட நாலைந்து வயது இளையவள். ஆபீஸில் நாள் முழுக்க அடுத்தவர்கள் பேசுவதற்கு இணைப்புக் கொடுத்துவிட்டு, தான் பேச வேண்டியதையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு அறைக்கு வருவாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் தாயம் ஆடுவோம். தரையில் சாக்கட்டியால் கட்டம். பித்தளைத் தாயக்கட்டை என்னுடையது. காய்கள் ஆபரேட்டருடையவை. அரியலூர் ஓடைகளில் கல்லாகிப்போன சிப்பிகள் கிடக்கும், சின்ன வயதில் பொறுக்கியதை ஒரு சுருக்குப்பையில் வைத்திருந்தாள். ஒரு நாள் அவளுடைய காயை நர்ஸ் மூன்றாவது முறையாக வெட்டியபோது, அவள் சிப்பியைக் கையில் மூடிக்கொண்டு தர மாட்டேன் என்றாள்.

"எதுக்குக்கா இவன வெட்டுற? இவன் ஒன்ன என்ன பண்ணான்?"

நர்ஸ் யோசிக்கவே இல்லை. "எங்க ஊரு கெணத்துல விஷம் கலக்க வந்தான். பாத்துட்டேன்."

"பொய்யி. இவனுக்குத் தாகம். தண்ணி குடிக்க வந்தான்."

தாயம் அங்கேயே நின்றுபோனது. அவனுக்கு ஏன் தாகம், எங்கிருந்து வருகிறான், அந்த ஊர்க் கிணற்றைக் காவல் காப்பவர்கள் யார் என்று சாயங்காலம் வரை பேசிக்கொண்டிருந்தோம். அடுத்த ஞாயிறு நான் ஒரு நோட்டு வாங்கி வந்து வரைபடம் போட்டுவிட்டேன். டீச்சர் வேலையின் குணம் அது, மற்றவர்கள் சிரித்துப் பேசுவதை எடுத்துப் பாடத்திட்டம் ஆக்கிவிடுவோம். விதியும் எழுதினேன். ஒருத்தி நாட்டைச் சொல்ல வேண்டும், மற்ற இருவர் அதற்குள் போக வேண்டும். சுவர் ஏற முடியுமா, காவலாளி ஏமாறுவானா என்ற சந்தேகம் வரும் இடத்தில் தாயக்கட்டையை உருட்ட வேண்டும். தாயம் விழுந்தால் நினைத்தது நடக்கும். நாட்டைச் சொல்பவள் யார் என்று யாரும் கேட்கவில்லை. நான்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

நர்ஸ் ஆற்றங்கரை வைத்தியச்சியாகப் போனாள். ஆபரேட்டர் திருடியாகப் போனாள். கோட்டைகளை மட்டும் திருடும் திருடி.

நாடுகளுக்கு ஜனங்கள் வேண்டுமே. கையில் சரித்திரப் புத்தகம் இருக்க, கவலை என்ன? எகிப்துப் பாடத்தை எடுத்துப் பாலைவனத்தார் என்று பெயர் மாற்றினேன். மங்கோலியரை எடுத்துக் காலில் குளம்பு முளைக்க வைத்தேன். ரோமாபுரிக்காரர்களுக்கு மூன்று கண் கொடுத்தேன். பெரிய சிருஷ்டி என்று எனக்கே என்னைப் பற்றிப் பெருமை தாங்கவில்லை.

மூன்று வாரத்தில் சாயம் வெளுத்துவிட்டது. என் பாலைவனத்தார் எப்போது பார்த்தாலும் செத்தவர்களுக்குத் துணி சுற்றிக்கொண்டே இருந்தார்கள். குளம்புக்காலர்கள் ஓடிக்கொண்டே இருந்தார்கள்.

"அக்கா, இவங்கல்லாம் சோறு திங்க மாட்டாங்களா?" என்றாள் ஆபரேட்டர். "புள்ள அழுதா என்ன பண்ணுவாங்க?"

புத்தகத்தில் அது இல்லை. புத்தகத்தில் இல்லாதது எனக்கும் தெரியாது. நர்ஸ் வெங்காயம் உரித்துக்கொண்டே, "எல்லாம் பரீட்சைக்குப் படிச்ச ஜனங்களா இருக்காங்கடி" என்றாள். எனக்குச் சுருக்கென்று தைத்தது. தைத்தால் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் ரகம். இரண்டு நாள் தூக்கி வைத்துக்கொண்டேன். ஆனால் அவள் சொன்னது சரி என்று மூன்றாம் நாள் எனக்கே தெரிந்துவிட்டது.

நிஜமான கோட்டையைப் பார்த்தாலாவது புத்தி வேலை செய்யும் என்று ஒரு ஞாயிறு மூவரும் ரஞ்சன்குடிக்குப் போனோம். புளிசாதம் கட்டிக்கொண்டு, காலை பஸ். கோட்டை மேல் நின்று யார் யார் இதைப் பிடித்தார்கள், யார் யார் விட்டார்கள் என்று நான் அரை மணி நேரம் வகுப்பு எடுத்தேன். ஆபரேட்டர் அடுப்படி எங்கே இருந்திருக்கும் என்று தேடிப் போய்விட்டாள். நர்ஸ் ஒருத்திதான் மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மதில் நிழலில் சாப்பிட உட்கார்ந்தோம். சாதம் உருட்டிய கை உருட்டியபடி இருக்க, நர்ஸ் கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் அசையாமல் இருந்தாள். பிறகு சிலுவை போட்டுக்கொண்டு சாப்பிடத் தொடங்கினாள். வாட்சைப் பார்த்தேன். மணி பன்னிரண்டு.

"ஊருல கோயில் மணி அடிக்குற நேரம்" என்றாள். "பழகிப்போச்சு. காதுல கேக்கலன்னாலும் கேக்கும்."

அவள் ஊரில் பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்தால், எங்கே எந்த வேலையில் இருந்தாலும் அந்த வேலையை விட்டு நின்று ஜெபம் சொல்வார்களாம். கொல்லைக்காட்டில் களையெடுப்பவர்கள் அங்கேயே நிற்பார்கள். தினமும் பார்த்துப் பார்த்து ஏர் மாடுகூட மணிச் சத்தத்துக்கு நின்றுவிடுமாம்.

"எங்கம்மா கடலக்கொல்லையில களைக்கொத்தோட அப்புடியே நிப்பாங்க. தலையக் குனிஞ்சிக்கிட்டு. எங்கம்மா சும்மா நின்னு நான் பாத்தது அந்த ரெண்டு நிமிஷந்தான். மத்த நேரம் ஓட்டந்தான். அதனால மணி எப்ப அடிக்கும்னு காத்துக்கிட்டிருப்பேன், அம்மா மூஞ்சியப் பாக்கலாமேன்னு."

அவள் இப்படிப் பேசி நாங்கள் கேட்டதில்லை. பதிலுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. நான் என் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். எங்கள் வீட்டில் சகுனம் பார்ப்பதில் அப்படியொரு கண்டிப்பு. படியிறங்கிவிட்ட பிறகு பின்னாலிருந்து யாராவது "எங்க போறீங்க?" என்று கேட்டுவிட்டால் போயிற்று. திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, மறுபடி கிளம்ப வேண்டும். என்னை டீச்சர் டிரெயினிங்கில் சேர்க்கக் கூட்டிப்போன நாளில் பக்கத்து வீட்டுக்காரர் ஆசையாகக் கேட்டுத் தொலைத்துவிட்டார். அப்பா திரும்பி வந்து உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். ஊருக்கு இருந்த ஒரே பஸ் போய்விட்டது. என் டிரங்குப் பெட்டியை அப்பா தலையில் தூக்கி வைத்துக்கொண்டு மெயின் ரோடு வரை நடந்தார். நான் அழுதுகொண்டே பின்னால் போனேன். ரோட்டில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "இப்பப் பாரு, சகுனம் நல்லா இருக்கு" என்றார்.

நர்ஸ் சிரித்தாள், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. இத்தனைக்கும் நானும் அந்த வழக்கத்தை விடவில்லை. பள்ளிக்குக் கிளம்பும்போது ஆபரேட்டர் வாய் தவறிக் கேட்டுவிட்டால் திரும்பி வந்து உட்காருவேன். இரண்டு தடவை முதல் பீரியடுக்கு லேட்டாகப் போய்த் திட்டு வாங்கியிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் அறைக்கு வந்ததும் நோட்டைத் திறந்து ஒரே மூச்சில் எழுதினேன். சிலையர் நாடு. பச்சைத் தோல், கல் மாதிரி நகம், மலையடிவாரத்தில் ஊர். களஞ்சியம் நிறையத் தானியம் வைத்துக்கொண்டு யாருக்கும் தராத ஜனங்கள். எவராலும் வெல்ல முடியாத பலசாலிகள். அவர்களுக்கு ஒரே ஒரு பலவீனம், மணி அடித்தால் அசையாமல் நின்றுவிடுவார்கள். கடைசியாக எனக்கு உயிருள்ள ஜனங்கள் கிடைத்துவிட்டார்கள் என்று குதித்தேன்.

அடுத்த ஞாயிறு ஆட்டம் களைகட்டியது. ஆபரேட்டர் கெட்டிக்காரி. களஞ்சியத்துக்குள் மூன்று முறை நுழையப் பார்த்து மாட்டிக்கொண்டவள், நாலாம் முறை ஊர் நடுவில் தொங்கும் மணியைக் கவனித்துவிட்டாள். கட்டையை உருட்டினாள். தாயம். மணி அடித்தது. ஊரே நின்றது. நான் ஆவேசம் வந்தவள்போல வர்ணித்துக்கொண்டு போனேன். கிணற்றடியில் குடத்தோடு ஒருத்தி நிற்கிறாள். ஏரோடு மாடு நிற்கிறது. கொல்லையில் ஒரு பச்சைக் கிழவி களைக்கொத்தோடு நிற்கிறாள், முகத்தில் ஈ மொய்க்கிறது, அவளால் விரட்ட முடியவில்லை. ஆபரேட்டர் விழுந்து விழுந்து சிரித்தாள். "அந்தக் களைக்கொத்தயும் புடுங்கிக்கிறேன்க்கா!"

நர்ஸ் தன் சிப்பியைக் கட்டத்திலிருந்து எடுத்துச் சுருக்குப்பையில் போட்டாள்.

"அது எங்கம்மா" என்றாள்.

ஆபரேட்டரின் சிரிப்பு பாதியில் நின்றது. நான் அப்போதே தலையைக் குனிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் தப்பு செய்து மாட்டிக்கொண்டால் எனக்குக் குரல் உயரும்.

"உங்கம்மான்னு யாரு சொன்னா? எவ்வளவோ மாத்தியிருக்கேன். தோலு பச்சைன்னு எழுதியிருக்கேன் பாரு. உங்கம்மா பச்சையாவா இருக்காங்க?"

"பச்ச பெயின்ட் அடிச்சிட்டா எங்கம்மா இல்லன்னு ஆயிடுமா?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "ஒங்கிட்ட எதுக்குச் சொன்னேன், நீ எதுக்கு வச்சிக்கிட்ட."

பாயைச் சுருட்டி வைத்துவிட்டு டியூட்டிக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று, ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, எழுதிக் கொடுக்கப்போகிறேன் என்றாள். அதே இடத்தை ஏற்கெனவே இரண்டு முறை வேண்டாம் என்று சொன்னவள். ஏன் வேண்டாம் என்றாய் என்று மேட்ரன் கேட்டதற்கு, ஞாயித்துக்கிழமை எனக்கு வேற நாட்டுல வேல இருக்கு என்று சொன்னதாக எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னவள்.

வேலை கிடைத்து வீட்டை விட்டு வந்த எனக்கு அந்த ஊரில் கிடைத்த முதல் தோழி அவள். டைபாய்டில் நான் கிடந்த இருபது நாளும் ஆஸ்பத்திரி டியூட்டியும் பார்த்து, என் டியூட்டியும் பார்த்தாள். அவள் போய்விட்டால் அந்த அறை எனக்கு வெறும் நாலு சுவர்தான். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. கோபம் தீர்ந்துவிட்டது என்பதைக் காட்ட, தட்டில் கூடுதலாக ஒரு கரண்டி குழம்பு ஊற்றுவோம், அவ்வளவுதான். அந்த வாரம் முழுக்க ஊற்றினேன். அவளும் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தாள். வேறொன்றும் நடக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவளே நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு நான் சொல்றேன். நீ உள்ள போ."

எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. ஆபரேட்டர் பயந்துகொண்டே சாக்கட்டியால் கட்டம் போட்டாள்.

"ஒரு நாடு. திரும்பிகள் நாடுன்னு பேரு" என்று தொடங்கினாள் நர்ஸ். "ரொம்ப வீரமான ஜனங்க. தோலு நீலம். மூக்கு இத்தன நீளம். ராஜா சண்டைக்குக் கெளம்புறாரு. பத்தாயிரம் பேரு, எரநூறு யானை. நீதான் சேனாதிபதி. கொடி புடிச்சாச்சு, முரசு அடிச்சாச்சு, கோட்டை வாசலத் தாண்டியாச்சு. ஓரமா ஒரு மோர் விக்கிற பொம்பள நிக்கிது. பின்னாலருந்து கேக்குது, 'இம்புட்டுப் பேரும் எங்க போறீங்க?'"

எனக்குக் காது சுட்டது.

"சேனை அம்புட்டும் திரும்பிடிச்சு. பத்தாயிரம் பேரும் அவங்கவங்க வூட்டுக்குப் போயி உக்காந்து தண்ணி குடிக்கிறாங்க. யானைக்கும் உக்காரணும்ல, அதுங்களையும் உக்கார வச்சிட்டாங்க. யானை தண்ணி குடிச்சி முடிக்க எவ்வளவு நேரமாவும்?"

ஆபரேட்டர் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். சேனை மறுபடி கிளம்பியது. மோர்க்காரி மறுபடி கேட்டாள். நான் அவள் வாயை அடைக்கக் கட்டையை உருட்டினேன், மூன்று விழுந்தது, பலிக்கவில்லை. ஒதுங்கிப் போகச் சொல்லி உருட்டினேன், நான்கு. மூன்று நாள் அந்தச் சேனை மோர்க்காரியைத் தாண்டவே இல்லை. எதிரி ராஜா வந்து, சண்டையே போடாமல், ஊருக்கு நாலு மோர்க்காரிகளை நிறுத்திவிட்டு நாட்டைப் பிடித்துக்கொண்டான்.

முதலில் எனக்கு அழுகை முட்டியது. யானைகள் உட்கார்ந்தபோது சிரிப்பும் முட்டியது. ஆனால் அதற்கெல்லாம் அடியில் நான் வேறொன்றுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். தலையில் டிரங்குப் பெட்டியோடு ஒரு நீலத்தோல் மனிதர் இப்போது வருவார், வேர்வை வழிய மெயின் ரோடுக்கு நடப்பார், பின்னால் ஒரு பெண் அழுதுகொண்டு போகும், ஆபரேட்டர் சிரிப்பாள் என்று. கதை முடிந்தது. நோட்டை மூடி என்னிடம் கொடுத்தாள். அவர் வரவில்லை.

மறந்து விட்டுவிட்டாளா? அவள் எதையும் மறப்பவள் அல்ல. நான் அவளைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். "வாரக் கடைசியில மாறிக்கிறேன். எழுதிக் குடுத்துட்டேன்" என்றாள்.

அந்த வாரம் எப்படிப் போனது என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வந்தது. ரிக்‌ஷா வாசலில் நிற்க, பாயும் மூட்டையும் ஏறிவிட்டன. கீழ்வீட்டு வீட்டுக்காரம்மா முறத்தோடு வெளியே வந்து நின்றார். ஆபரேட்டர் மாடிப்படியில் உட்கார்ந்து வெளிப்படையாகவே அழுதுகொண்டிருந்தாள். நர்ஸ் கடைசியாகத் தன் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி, வாசலைத் தாண்டி, தெருவில் நாலடி வைத்தாள்.

தூரத்தில் மாதா கோயில் மணி அடித்தது. பன்னிரண்டு.

அவள் நின்றாள். கையில் பெட்டியோடு, நடுத்தெருவில், தலையைக் குனிந்து. ஒரு சைக்கிள்காரர் மணியை அடித்துக்கொண்டு சுற்றிப் போனார். என் நோட்டின்படி பார்த்தால் இது களஞ்சியத்தைக் கொள்ளையடிக்கும் நேரம். நான் இறங்கிப் போய் அவள் பக்கத்தில் நின்றேன். எனக்கு அந்த ஜெபம் தெரியாது. சும்மா நின்றேன். அவள் முகத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிஷம் ஒருவர் முகத்தை இப்படிப் பார்க்கக் கிடைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இதைத்தான் நான் பலவீனம் என்று எழுதி வைத்திருந்தேன்.

அவள் சிலுவை போட்டாள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். ரிக்‌ஷாவை நோக்கி நடந்தாள்.

என் ஜென்மத்தில் நான் செய்யாத காரியத்தைச் செய்தேன்.

"ஏய், எங்க போறே?" என்று பின்னாலிருந்து சத்தமாகக் கேட்டேன்.

வீட்டுக்காரம்மா முறத்தைக் கீழே போட்டுவிட்டார். "அடிப்பாவி! கெளம்புற பொண்ணப் பின்னாலருந்து கூப்புடுறியே! டீச்சராடி நீ?"

நர்ஸின் முதுகு அசையவில்லை. அவளுக்கு இந்தச் சகுனமெல்லாம் கிடையாது. அவள் வீட்டில் யாரும் இதற்காக ஒரு பஸ்ஸையும் விட்டதில்லை. அப்படியே ஏறிப் போயிருக்கலாம். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திரும்பினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசற்படி ஓரம் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"தண்ணி குடு" என்றாள்.

ஓடிப்போய்ச் சொம்பில் கொண்டுவந்தேன். ஓடிவந்த வேகத்தில் பாதித் தண்ணீர் என் புடவையில். அவள் அவசரமே இல்லாமல் குடித்தாள், யானை குடிக்கிற மாதிரி.

"நான் பண்ணது தப்புடி" என்றேன். எங்கள் வம்சத்திலேயே அதைச் சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருக்க வேண்டும். "எங்கப்பாவ ஏன் நீ கதையில சேக்கல?"

"அவரு அங்க எதுக்கு வரணும்?" என்றாள். "நீ எங்கிட்டச் சொன்னவரு அவரு."

ரிக்‌ஷாக்காரர் பொறுமையிழந்து, "ஏறுறீங்களாம்மா, இல்லியா?" என்றார்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "சகுனம் எப்புடி இருக்கு?"

"ரொம்ப மோசம்" என்றேன். "இன்னிக்குக் கெளம்பவே கூடாது."

"கேட்டீங்களாண்ணே?" என்றாள் ரிக்‌ஷாக்காரரிடம், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். "டீச்சரே சொல்றாங்க. மூட்டைய எறக்கிடுங்க."

ஆபரேட்டர் படியிலிருந்து ஒரே தாவாகத் தாவி வந்து பாயை எடுத்துக்கொண்டாள். வீட்டுக்காரம்மா முறத்தைப் பொறுக்கிக்கொண்டே எங்கள் மூவருக்கும் பைத்தியம் என்று தெருவுக்கே அறிவித்தார். நான் டிரங்குப் பெட்டியின் பிடியைப் பற்றினேன். கையில் தூக்க முடியவில்லை. தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். பதினெட்டுப் படிதான். பாதியில் கழுத்து இற்றுவிடும்போல ஆகிவிட்டது. அன்று மெயின் ரோடு வரை அப்பா ஒரு தடவைகூடப் பெட்டியைக் கீழே இறக்கவில்லை என்பது அந்தப் படியில் நிற்கும்போதுதான் எனக்கு நினைவு வந்தது.